மறுமொழி: ‘மொடல் இயர்’ – மாதிரி ஆண்டா, பெயராண்டா?

எல்லோருக்கும் வணக்கம்.

டொரொன்டோத் தம்பியின் கேள்விக்கு இரண்டு நாட்களாகப் பதில்கள் வந்தபடி இருக்கின்றன. நான் கொஞ்சம் பிந்திவிட்டேன், மன்னிக்கவும். ஒரு கார் நிறுவனம் அடுத்த வருடம் தன் வண்டிகள் எல்லாவற்றிலும் என்னென்ன மாற்றப்போகிறது என்று சொல்லும் கையேட்டை அவர் தமிழாக்குகிறார். முதல் வசனத்திலேயே மூன்று முடிச்சு: மொடல் இயர் (எந்த ஆண்டின் கார் என்று நிறுவனம் சூட்டும் எண்), ஃபேஸ்லிஃப்ட் (நடுவில் செய்யும் தோற்ற மாற்றம்), லைன்அப் (நிறுவனம் விற்கும் வண்டிகள் எல்லாம்). இவற்றைத் தமிழில் எப்படிச் சொல்வது என்பதுதான் அவர் கேள்வி.

சுலபமானதை முதலில் முடித்துவிடுவோம். லைன்அப்புக்கு ‘அணிவகுப்பு’ வேண்டாம். எனக்கு அது காலிமுகத்திடலில் படையினர் பீரங்கிகளோடு போவதைத்தான் நினைவூட்டுகிறது. ‘வாகன வரிசை’ போதும். சீர்வரிசை என்று சொல்லிப் பழகிய நமக்கு, ஒரு வீட்டார் தம்மிடம் உள்ளதையெல்லாம் தட்டுத் தட்டாக முன்னே வைப்பது என்ற பொருளும் அந்தச் சொல்லோடு கூடவே வந்துவிடுகிறது.

இனி மொடல் இயர். உங்களில் பலர் ‘மாதிரி ஆண்டு’ என்று எழுதியிருக்கிறீர்கள். சொல்லுக்குச் சொல் சரிதான். ஆனால் கொழும்பில் யாரிடமாவது “இந்தக் கார் 2018 மாதிரி” என்று சொல்லிப் பாருங்கள். “2018 மாதிரி என்றால், உண்மையில் எத்தனை?” என்று கேட்பார். (தரகர்கள் வாயில் அந்தப் பொருள்தான் பொருத்தம் என்று என் மனைவி சொல்கிறார்.)

அதைவிடப் பெரிய சிக்கல், இது ஆண்டே இல்லை என்பது. அமெரிக்க விதிப்படி ஒரு மொடல் இயருக்குள் ஒரேயொரு ஜனவரி 1 வரவேண்டும், அது அந்த ஆண்டின் ஜனவரி 1ஆக இருக்கவேண்டும். ஆகவே 2026 என்ற பெயரில் ஒரு கார் 2025 ஜனவரி 2ஆம் திகதியே வெளியே வரலாம். வழக்கத்தில் முந்தின ஆண்டின் பிற்பகுதியில் வரும். ஃபோர்ட் மஸ்டாங் 1964 ஏப்ரலில் விற்பனைக்கு வந்தது, நிறுவனம் அதை 1965 என்றே எழுதிக்கொண்டது. ஆர்வலர்களுக்கு மனம் ஒப்பவில்லை, முதல் சில மாதங்களில் வந்தவற்றை இன்றுவரை ‘1964½’ என்கிறார்கள். அரை ஆண்டு என்று ஓர் ஆண்டு உண்டா? பெயரில் உண்டு.

இந்த வழக்கம் வேரூன்றியது 1920களில். ஃபோர்ட் தன் மொடல் டி காரை 1908 முதல் 1927 வரை பெரிய மாற்றமில்லாமல் ஒன்றரைக் கோடி வண்டிகள் செய்து தள்ளியது. எதிரே ஜெனரல் மோட்டர்ஸில் அல்ஃபிரட் ஸ்லோன், போன வருடக் காரைப் பழசாகத் தோன்றவைத்தால் ஆட்கள் திரும்ப வருவார்கள் என்று கணக்குப் போட்டார். தீபாவளிக்குப் புதுச்சேலை போலத்தான். ஆக, அந்த எண் தொழிற்சாலையின் நாட்காட்டி அல்ல, கடைக்காரர் கட்டிய பெயர்ச்சீட்டு.

இலங்கையில் நமக்கு இது ஏன் முக்கியம் என்று மட்டக்களப்பு ஐயா கேட்டிருந்தார். ஐயா, எங்கள் வீட்டுக் கதை ஒன்று. என் மைத்துனர் சில வருடங்களுக்கு முன் ஒரு தரகரிடம் “2017 மொடல்” என்று ஒரு கார் வாங்கினார். பதிவுப் புத்தகத்தைக் கையில் எடுத்துப் பார்த்தபோது உற்பத்தி ஆண்டு 2015. இங்கே பதிந்தது 2017. தரகர் சொன்னது பொய்யா? “பதிந்த வருடத்தைத்தான் சொன்னேன்” என்று அவர் கைவிரித்தார். 2020 மார்ச்சில் வாகன இறக்குமதி நின்று, தனியார் வாகனங்களுக்கு 2025 பெப்ரவரியில்தான் மறுபடி திறந்தது. இடைப்பட்ட காலத்தில் புதுக்கார் வருவது அரிதாகியது, இருந்த கார்களின் ஒவ்வொரு வருடமும் பணமாகியது. அப்போது இந்தக் குழப்பத்தில் நட்டப்பட்டவர் என் மைத்துனர் ஒருவர் மட்டுமா?

எனவே குறைந்தது மூன்று சொற்கள் தனித்தனியாக நிற்கவேண்டும்: உற்பத்தி ஆண்டு, பதிவு ஆண்டு, இப்போது நாம் தேடுவது. முதல் இரண்டும் ஏற்கெனவே நம் படிவங்களில் உள்ளவை.

வந்த யோசனைகளில் ‘ஈடு’ எனக்குப் பிடித்திருந்தது. ஓர் ஈடு இட்லி என்பது போல ஒரு தடவையில் இறக்கியது. அழகான சொல். ஆனால் “2018 ஈடு” என்று விளம்பரத்தில் கண்டால் கார் லீசிங் கம்பனியில் ஈடு இருக்கிறது என்றுதான் இங்கே எவரும் நினைப்பார். வாங்க வந்தவர் ஓடிவிடுவார்.

அடுத்தது நானே எண்ணிப் பார்த்தது: ‘போகம்’. சிரிக்காமல் கேளுங்கள். நம் பெரும்போகம் ஒரு வருடக் கடைசியில் விதைத்து அடுத்த வருடம் அறுப்பது. அதனால்தான் 2024/25 பெரும்போகம் என்று எழுதுகிறோம். மொடல் இயரின் தர்க்கமும் அதேதான். ஆனாலும் ‘புதிய போகக் கார்’ என்று எழுத என் பேனா நகரவில்லை. சரி, விட்டுவிட்டேன்.

கடைசியில் நான் முன்வைப்பது ‘பெயராண்டு’. கார் எந்த ஆண்டில் செய்யப்பட்டது என்று அது சொல்லவில்லை, எந்த ஆண்டின் பெயரில் விற்கப்படுகிறது என்று சொல்கிறது. ஆண்டுக்கும் பெயருக்கும் உள்ள உறவு நமக்குப் புதிதல்ல. குரோதி வருடம் 2024 சித்திரையில் பிறந்து 2025 பங்குனியில் முடிந்தது, இரண்டு ஆங்கில வருடங்களில் கால் வைத்த ஒரு பெயர். அடுத்த வருடக் கலண்டர் வெள்ளவத்தைக் கடைகளில் முந்தின வருடமே தொங்கத் தொடங்குவதையும் நாம் விசித்திரமாக நினைப்பதில்லை. “2025இல் உற்பத்தியான, 2026 பெயராண்டுக் கார்” என்று எழுதினால் முரண் தெரியவில்லை, பாருங்கள். ‘மாதிரி ஆண்டு’ போட்டால் எழுத்துப்பிழையோ என்று சந்தேகம் வரும்.

பொறியியலாளர் ஒருவர், வட அமெரிக்கக் கார்களில் 17 எழுத்து அடையாள இலக்கத்தின் 10ஆவது எழுத்து குறிப்பது எதை என்று கேட்டிருந்தார். அது பெயராண்டைத்தான் குறிக்கும். ஆர் என்றால் 2024, எஸ் என்றால் 2025. ஜப்பான் தன் சந்தைக்குச் செய்யும் கார்களின் செசி இலக்கத்தில் (வண்டியின் சட்டகத்தில் பொறித்த எண்) அப்படி ஓர் எழுத்து இல்லை. நம் தெருக்களில் அவை நிறைய ஓடுவதால்தானோ என்னவோ, கொழும்புக்காரர் டொயோட்டாக் கார்களுக்கு வருடத்தை விட்டுச் செசி எண்ணையே பெயராக்கிக்கொண்டார்கள்: 121 கொரோலா, 141 கொரோலா, 240 அலியன், 260 அலியன். தலைமுறையை, அதாவது ஒரு காரை முழுதாக மாற்றி வடிவமைத்த ஒவ்வொரு பதிப்பையும், குறிக்க இதைவிடத் தெளிவான கலைச்சொல்லை எந்தக் குழுவும் ஆக்கியிருக்காது. எழுத்துத் தமிழுக்குத் ‘தலைமுறை’ இருக்கட்டும்.

அப்புறம் ஃபேஸ்லிஃப்ட். தலைமுறை மாறாமல் நடுவில் விளக்கையும் பம்பரையும் மாற்றுவது. ‘முகப்பொலிவு’ என்றால் வெள்ளவத்தை அழகு நிலையத்தின் விலைப்பட்டியல். ‘முகமாற்றம்’ கொஞ்சம் பயமுறுத்துகிறது, தவிர மாறுவது முகம் மட்டுமல்ல, பின்விளக்கும் மாறும். நான் சொல்வது ‘இடைமெருகு’. செட்டியார் தெருவில் பழைய சங்கிலியை மெருகுக்குக் கொடுத்தால் அதே சங்கிலிதான், பளபளப்புப் புதிது. வாகன உதிரிப்பாகக் கடைகள் நிறைந்த பஞ்சிகாவத்தையில் 121க்கு முன்விளக்குக் கேட்டால் “பழைய லைட்டா, புது லைட்டா?” என்று முதலில் கேட்பார்கள். இடைமெருகுக்கு முந்தியதா பிந்தியதா என்பதுதான் அந்தக் கேள்வி. தவறாகச் சொன்னால் விளக்குப் பொருந்தாது, பஸ் பிடித்துத் திரும்பி வரவேண்டும். எனக்கு அனுபவம்.

ட்ரிம் என்பதற்கு, அதாவது ஒரே காரை வசதிகளின்படி நிறுவனம் பிரித்து விற்கும் வகைக்கு, மட்டும் என்னிடம் சொல் இல்லை. ‘தரம்’ போட முடியாது, ஜப்பான் ஏல அறிக்கையில் பழைய காரின் நிலைக்கு 4, 4.5 என்று போடும் புள்ளியை அந்தச் சொல்லால் சொல்லிப் பழகிவிட்டோம். ‘அணி’ என்றால் கிரிக்கெட். சுசுகி வெகன் ஆர் காரில் எஃப்எக்ஸ், எஃப்இசட் என்று நிறுவனம் பிரித்தாலும், சந்தையில் “ஃபுல் ஒப்ஷனா?” என்ற ஒரே கேள்விதான். தம்பி அவசரம் என்றால் இப்போதைக்கு ‘வசதிநிலை’ என்று போடட்டும். இதைவிட நல்லது இருந்தால் தயவுசெய்து எழுதுங்கள்.

தம்பியின் முதல் வசனம் என் கையில் இப்படி வந்தது: “2026 பெயராண்டில் எங்கள் வாகன வரிசையில் இரண்டு கார்கள் இடைமெருகு பெறுகின்றன, ஒன்று புதிய தலைமுறையாக வருகிறது, மற்றவற்றில் நிறங்களும் சில வசதிகளும் மட்டுமே மாறுகின்றன.” உரக்க வாசித்துப் பார்த்து, நாக்கு எங்கே தடுக்குகிறது என்று சொல்லுங்கள்.