மோட்டார் படகிலேயே குடியிருப்பவர்களே, உங்கள் ஒரு நாள் எப்படிப் போகிறது?

கரைதட்டி (கேள்வி)

வணக்கம். நானும் மனைவியும் ஓய்வுபெற்று ஆறு மாதம் ஆகிறது. 42 அடி டிராலர் வகைப் படகு (மீன்பிடிப் படகின் வடிவில், மெதுவாகச் செல்லும் குடியிருப்புப் படகு) ஒன்றுக்கு முன்பணம் கொடுத்துவிட்டோம். ஒற்றை டீசல் எஞ்சின், சின்ன ஜெனரேட்டர், கடல்நீரைக் குடிநீராக்கும் வாட்டர்மேக்கர் எல்லாம் இருக்கிறது. வெப்பமண்டலக் கடலில் ஒரு வருடம், எந்த அவசரமும் இல்லாமல் விரிகுடா விரிகுடாவாக நங்கூரம் போட்டுத் தங்குவதாகத் திட்டம். இதுவரை வார இறுதிகளில் மட்டும்தான் படகோட்டிய அனுபவம்.

வீடியோக்களில் எல்லோரும் காபியும் கையுமாக டால்பின் பார்த்துக்கொண்டிருக்கிறார்கள். "டால்பின் வராத நேரத்துல என்ன பண்ணுவோம்?" என்று மனைவி கேட்டாள். என்னிடம் பதில் இல்லை. காலையில் எழுந்ததிலிருந்து படுக்கும்வரை உண்மையில் என்னதான் நடக்கும்? தண்ணீர், மின்சாரம், தூக்கம், இந்த மூன்றும்தான் எங்கள் கவலை.

பழைய புரொப்பெல்லர்

டால்பின் வராதப்ப ஃபில்டர் மாத்துவீங்க. டால்பின் வரும்போதும் ஃபில்டர்தான் மாத்திட்டிருப்பீங்க. "இப்பதான் வந்துட்டுப் போச்சு"ன்னு மேலேருந்து குரல் மட்டும் கேட்கும்.

உருப்படியா ஒண்ணு சொல்றேன். அட்டைப்பெட்டி ஒண்ணுகூட படகுக்குள்ள வரக்கூடாது. மடிப்புக்குள்ள கரப்பான் முட்டை இருக்கும், கண்ணுக்கே தெரியாது. சாமானை எல்லாம் கரையிலேயே பிரிச்சு பிளாஸ்டிக் டப்பாவுக்கு மாத்திட்டு அப்புறம் ஏத்துங்க. எனக்கு இது புரிய ஒரு வருஷம் ஆச்சு. கரப்பானுக்கு ஒரு வாரம்தான் ஆச்சு.

மத்ததை எஞ்சின்அறை எலி அக்கா வந்து சொல்வாங்க, எப்படியும் எழுதாம இருக்க மாட்டாங்க.

எஞ்சின்அறை எலி

வந்துட்டேன் தம்பி.

கரைதட்டி சார், நாலு வருஷமா 46 அடிப் படகுல நாங்க ரெண்டு பேர். கணவர் சமையல், நான் எஞ்சின். சீட்டுக் குலுக்கிப் போட்டுப் பிரிச்சதில்ல, அவருக்கு முதுகு வளையாது, எனக்கு உப்புப் பதம் தெரியாது.

நீங்க தண்ணீர், மின்சாரம், தூக்கம்னு மூணா கேட்டீங்க. என்னைக் கேட்டா அது மூணும் ஒண்ணுதான். மூணையும் காதாலதான் பார்த்துக்கணும். படகுல கண்ணுக்கு வேலை கம்மி. எந்த பம்ப் எப்ப ஓடணும், எவ்வளவு நேரம் ஓடணும், எந்தச் சத்தம் நேத்து இல்லாம இன்னைக்கு இருக்கு, இதெல்லாம் ரெண்டு மாசத்துல உங்க காதுல ஏறிடும். குளியலறைல யாரும் இல்லாதப்ப குடிநீர் பம்ப் ரெண்டு நொடி ஓடி நின்னுச்சுன்னா எங்கயோ கசியுதுன்னு அர்த்தம். பில்ஜ் பம்ப் (படகோட அடியில சேர்ற தண்ணியை வெளியே இறைக்கிறது) தானா ஓடிச்சுன்னா கையில இருக்கிறதைப் போட்டுட்டு எழுந்திருக்கணும்.

வெப்பமண்டலத்துல வருஷம் முழுக்க ஏறக்குறைய ஆறு மணிக்கு விடியும், ஆறு மணிக்கு இருட்டும். விடிஞ்சதும் நான் எஞ்சின் அறைக்குள்ள போயிடுவேன். எஞ்சின் ஓடி நின்னப்புறம் அங்க 50 டிகிரிகூட இருக்கும், அதனால அங்க உள்ள வேலையெல்லாம் காலையிலதான். ஆயில் குச்சி, கூலன்ட், பெல்ட், டீசல் ஃபில்டர் கிண்ணத்தோட அடியில தண்ணி தேங்கியிருக்கான்னு டார்ச் அடிச்சுப் பார்ப்பேன். இந்த ஈரப்பதத்துல டேங்க் பாதி காலியா இருந்தா உள்ளே வியர்த்துத் தண்ணி சேரும். டீசலும் தண்ணியும் சந்திக்கிற இடத்துல கிருமி வளர்ந்து கறுப்புக் கூழாகி ஃபில்டரை அடைக்கும். அது அடைக்கிறது எப்பன்னா, படகு ஆட்டத்துல டேங்க் கலங்கும்போது. அதாவது எஞ்சின் நிக்கவே கூடாத நேரம் பார்த்து.

அடுத்து பேட்டரி எத்தனை சதவீதம்னு பார்ப்பேன். ராத்திரி முழுக்கத் தின்னது ஃபிரிட்ஜும் ஃப்ரீஸரும்தான். ஏசியை மறந்துடுங்க, அதாவது ராத்திரி முழுக்க ஓடும்கிற நினைப்பை. நங்கூரம் போட்ட படகு நீரோட்டம் பலமா இல்லாத இடத்துல தானா காத்தைப் பார்த்துத் திரும்பி நிக்கும். அதனால அணியத்துல (படகோட முன்பக்கம்) இருக்கிற கூரை ஜன்னலைத் திறந்து வச்சா காத்து நேரா கட்டிலுக்கே வரும். காத்தே இல்லாத ராத்திரி வரும்போதுதான் ஏசிக்காக ஜெனரேட்டர்.

ஜெனரேட்டர் ஓடுற ரெண்டு மணி நேரத்துக்குள்ள எல்லா வேலையையும் திணிச்சுடுவோம். வாட்டர்மேக்கர், துணி மெஷின், பேட்டரி சார்ஜ் எல்லாம் ஒண்ணா. வாட்டர்மேக்கர் கடல்தண்ணியை 55, 60 பார் அழுத்தத்துல மெம்பிரேன் (உப்பைத் தடுக்கிற சவ்வு) வழியாத் தள்ளும். எங்களோடது மணிக்கு 60 லிட்டர். கலங்கின தண்ணிலயோ எண்ணெய் மிதக்கிற துறைமுகத்துலயோ ஓட்டாதீங்க. குளோரின் கலந்த கரைத்தண்ணியால மெம்பிரேனைக் கழுவவே கழுவாதீங்க, குளோரின் அதைத் தின்னுடும். நீங்க தயாரிச்ச நல்ல தண்ணியாலதான் கழுவணும்.

இப்ப காதுக் கதைக்கு வரேன். காத்து அடங்கின ஒரு ராத்திரி, புழுக்கம் தாங்காம ஏசிக்காக ஜெனரேட்டரைப் போட்டுட்டுப் படுத்தோம். புகைக்குழாய் வழியா வெளியே போற கூலிங் தண்ணி "சளப்... சளப்"னு துப்பிட்டே இருக்கும். அந்தச் சத்தத்துலயே தூங்கிடுவோம். மூணு மணி சுமாருக்கு முழிப்பு வந்துச்சு. ஏன்னு தெரியல. அரை நிமிஷம் படுத்தே கேட்டேன். சளப் இல்ல. காலி டின்னுக்குள்ள ஊதுற மாதிரி வறண்ட சத்தம்.

ஓடிப் போய் நிறுத்தினேன். அலாரம் இன்னும் அடிக்கவே இல்ல. புகைக்குழாயோட ரப்பர் ஹோஸ் அந்தத் தண்ணியாலதான் குளிருது. தண்ணி நின்னா சில நிமிஷத்துல ரப்பர் கருகி உருக ஆரம்பிச்சுடும். கையை வச்சுப் பார்த்தேன், வைக்க முடியல.

கடல்நீர் வால்வை மூடிட்டு, உள்ளே வர்ற கடல்தண்ணியை வடிகட்டுற ஸ்ட்ரெய்னரைத் திறந்தா, கூடை நிறைய சொறிமுட்டை (ஜெல்லி மீன்). கூட்டமா வந்து மாட்டி, கஞ்சி மாதிரி ஆகியிருந்துச்சு. அதை வழிச்சு எடுத்ததோட முடியல. தண்ணி இல்லாம சுத்தின இம்பெல்லரை (கூலிங் தண்ணியைத் தள்ளுற ரப்பர் சக்கரம்) கழட்டினா ஆறு இதழ்ல ரெண்டைக் காணோம். காணாமப் போன ரப்பர் துண்டு சும்மா இருக்காது, தண்ணி ஓட்டத்தோட போய் எஞ்சின் சூட்டைக் கடல்தண்ணிக்கு மாத்துற ஹீட் எக்ஸ்சேஞ்சர் வாயில உட்கார்ந்துக்கும். புது இம்பெல்லரைப் போட்டுட்டுத் துண்டைத் தேடாம விட்டீங்கன்னா, ரெண்டு வாரத்துல எஞ்சின் ஏன் சூடாகுதுன்னு மண்டையைப் பிச்சுப்பீங்க. ஒரு துண்டு மூடியைக் கழட்டினதும் கிடைச்சுடுச்சு. இன்னொண்ணு மறுநாள் மத்தியானம் ஒரு வளைவுக் குழாய்ல. ரெண்டையும் பழைய இம்பெல்லரோட பொருத்திப் பார்த்து, அளவு சரியா இருந்தப்புறம்தான் சாப்பிட உட்கார்ந்தேன். (புதுசை மாட்டும்போது பாத்திரம் கழுவுற சோப்பைத் தடவுங்க. இதழ் எல்லாம் ஒரே பக்கமா, பம்ப் சுத்துற திசைக்குத் தக்க மடங்கி உள்ளே போகணும்.)

சாயங்காலம் என்ன பண்ணுவோம்னு கேட்டா, ஒண்ணும் பண்ண மாட்டோம். அதுக்குத்தான் வந்தோம்.

சங்கிலி 45

அக்கா சொன்னதுல ஒண்ணு மட்டும் எனக்கு ஒத்துவராது. ஜெனரேட்டரை நம்பியே ஏன் வாழணும்? கூரைமேல 1200 வாட் சோலார் போட்டிருக்கேன். மேகமில்லாத நாள்ல 4, 5 யூனிட் வருது, ஃபிரிட்ஜும் மின்விசிறியும் அதுலயே ஓடிடும். மாசத்துல பாதி நாள் ஜெனரேட்டரைத் தொடுறதே இல்ல. பேனல்ல உப்பும் பறவை எச்சமும் படியாம துடைச்சுக்கணும், அவ்வளவுதான்.

கரைதட்டி சார், இன்னொண்ணு. இடம் மாறணும்னா சூரியன் உசரத்துல இருக்கும்போது, பத்து மணிக்கும் மூணு மணிக்கும் நடுவுல, வெயில் முதுகுல படுற மாதிரி உள்ளே நுழையுங்க. போலராய்டு கண்ணாடி போட்டுக்கிட்டு ஒருத்தர் அணியத்துல நிக்கணும். வெளிர்நீலம் மணல், பழுப்பு பவளப்பாறை. எதிர்வெயில்ல ரெண்டும் ஒரே வெள்ளித் தகடு. மேகம் நிழல் விழுந்தாலும் பாறை மாதிரியே தெரியும், அப்ப நின்னு பாருங்க, நகர்ந்தா மேகம்.

கரைதட்டி

எல்லோருக்கும் நன்றி. மனைவியும் பக்கத்தில் உட்கார்ந்து படித்தாள். அவளுக்கு இரண்டு சந்தேகம். ஒன்று, ராத்திரி காற்று திடீரென்று எழும்பினால் தூங்கவே முடியாதா? இரண்டு, பூஞ்சை. துணியெல்லாம் நாறுமாமே?

எஞ்சின்அறை எலி

சங்கிலி தம்பி சொல்றது நியாயம்தான். எங்க கூரையில டிங்கி (கரைக்குப் போய்வர்ற குட்டிப் படகு) உட்கார்ந்திருக்கு, 400 வாட்டுக்கு மேல இடமில்ல. பொறாமையாத்தான் இருக்கு.

பூஞ்சை முதல்ல. மெத்தைக்கு அடியில காத்து போற மாதிரி பலகைச் சட்டம் வைங்க, வாரம் ஒரு நாள் மெத்தையைத் தூக்கி நிறுத்துங்க. அலமாரிக் கதவைச் சும்மா சாத்தி வைக்காதீங்க. வினிகர் தொட்டுத் துடைச்சா அடங்கும், திரும்ப வரும், திரும்பத் துடைப்பீங்க. தோல் பெல்ட்டு, தோல் செருப்பு கொண்டுவராதீங்க. ஒரு மாசத்துல பச்சை சால்வை போத்திக்கும்.

தூக்கம். ராத்திரி திடீர்க்காத்து வரத்தான் செய்யும். முதல்ல ஒரு குளிர்ச்சி, அப்புறம் காத்து, அப்புறம் மழை. காத்து 30 நாட் (மணிக்கு சுமார் 55 கி.மீ.) அடிச்சா பயமில்ல, திசை மாறுறதுதான் பயம். சாயங்காலம் மறைவா இருந்த கரை, திசை மாறினா உங்க முதுகுக்குப் பின்னால வந்துடும். அதனால நங்கூரம் போடும்போதே படகு முழு வட்டம் சுத்தினாலும் எதுலயும் இடிக்காதான்னு பாருங்க. ஆழம் 6 மீட்டர், தண்ணிக்கு மேல அணியத்து உயரம் 1.5, கடல் ஏற்றத்துல கூடுற தண்ணி 1.5, மொத்தம் 9. அதுக்கு அஞ்சு மடங்கு, 45 மீட்டர் சங்கிலி. சங்கிலியில ஒரு நைலான் கயிறைக் கொக்கி மாட்டிக் கட்டுங்க, இழுவையை அது வாங்கிக்கும், கடகட சத்தமும் கட்டிலுக்கு வராது. எஞ்சினைப் பின்னோட்டத்துல போட்டு, கரையில ரெண்டு மரம் ஒரே கோட்டுல வர்ற மாதிரி வச்சு, அந்தக் கோடு கலையுதான்னு பாருங்க. கலையலேன்னா நங்கூரம் பிடிச்சிடுச்சு, தூங்கலாம்.

நங்கூர அலாரம் (படகு நகர்ந்தா அடிக்கிறது) அடிச்சா யார் எழுந்திருக்கணும்கிறதை மட்டும் முன்னாடியே பேசி வச்சுக்கோங்க. நாங்க பேசல. ஒரு ராத்திரி ரெண்டு பேருமே "அவர் எழுந்துப்பாரு", "அவ எழுந்துப்பா"ன்னு கண்ணை மூடிட்டுக் கிடந்தோம். எழுந்து பார்க்கும்போது படகு நாப்பது மீட்டர் நகர்ந்திருந்துச்சு. நல்லவேளை அந்தப் பக்கம் மணல்.

பழைய புரொப்பெல்லர்

அந்த ராத்திரி பக்கத்துப் படகு நான்தான். டார்ச் அடிச்சு அடிச்சுக் கை வலிச்சது.

கரைதட்டி

மனைவி குறிப்பு எடுத்துக்கொண்டிருக்கிறாள். எஞ்சின் அறை தனக்காம், சமையல் எனக்காம். உதிரி இம்பெல்லர் எத்தனை வாங்கி வைக்க வேண்டும் என்று கேட்கச் சொன்னாள்.

எஞ்சின்அறை எலி

ஜெனரேட்டருக்கு மூணு, பெரிய எஞ்சினுக்கு ரெண்டு, ஒவ்வொண்ணுக்கும் மூடியோட கேஸ்கெட். அந்த மூடியோட குட்டி ஸ்க்ரூவும் ஒரு டஜன் வாங்கச் சொல்லுங்க. அது கைதவறி பில்ஜுக்குள்ள விழும். முதல் தடவையே விழும்.