26 இன்னிங்ஸ், ஆளை மாற்றாத பிட்ச்சர்: கதையா, நிஜமா?

ஓ.டி. பையன் (கடலூர்):
போன ஞாயிறு தேவனாம்பட்டினம் பீச்சில் டென்னிஸ் பால் மேட்ச். ஸ்கோர் சமம், அதற்குள் இருட்டிவிட்டது. ஐந்நூறு ரூபாய் பந்தயப் பணம் யாருக்கு என்று இன்னும் தகராறு. இதைக் கேட்ட ஆபீஸ் நண்பர், 1920-ல் ஒரு பேஸ்பால் ஆட்டமும் இப்படித்தான் இருட்டில் நின்றது, 26 இன்னிங்ஸ், இரண்டு அணியிலும் கடைசிவரை ஆளை மாற்றாமல் ஆளுக்கொரு பிட்ச்சர் (பந்து எறிபவர்) என்கிறார். எனக்கு மூன்று ஓவர் போட்டாலே தோள் கழன்றுவிடும். நம்பலாமா?

வில்லியனூர் பி.டி. வாத்தியார்:
நம்பலாம் தம்பி. 1920 மே 1, அமெரிக்காவின் பாஸ்டனில் நடந்தது. பாஸ்டன் பிரேவ்ஸுக்கு ஜோ ஓஷ்கர், புரூக்ளின் ராபின்ஸுக்கு லியான் கடோர். ஒரு இன்னிங்ஸுக்கு மூன்று அவுட் என்றால் ஆளுக்கு 78 அவுட். வழக்கமான ஒன்பது இன்னிங்ஸ் ஆட்டத்தில் 27தான். ஸ்கோர் சமமானால் இன்னிங்ஸ் நீண்டுகொண்டே போகும்.

புரூக்ளின் 5-ஆவது இன்னிங்ஸில் ஒரு ரன், பாஸ்டன் 6-இல் ஒரு ரன். அதோடு சரி, கடைசி 20 இன்னிங்ஸ் யாருக்கும் ஒன்றுமில்லை.

மழை நாளில் பையன்களை வகுப்பில் உட்காரவைத்து, அதன் 17-ஆவது இன்னிங்ஸைக் கரும்பலகையில் வரைந்து காட்டுவேன். புரூக்ளின் பேட்டிங், மூன்று பேஸிலும் (ரன்னுக்கு ஓடுபவர் வழியில் நிற்கும் இடங்கள்) ஆள், ஒரு அவுட். அடித்த பந்து நேராக ஓஷ்கர் கைக்கே போகிறது. அவர் ஹோமுக்கு (ஓடிவந்து தொட்டால் ரன் ஆகும் இடம்) எறிகிறார், ஒருவர் அவுட். ஹோமில் நிற்கும் பாஸ்டன் கேட்ச்சர் கௌடி, அடித்தவரையும் அவுட்டாக்க முதல் பேஸுக்கு எறிகிறார், அங்கே பந்து தடுமாறுகிறது. அந்த நொடியில் இரண்டாவது பேஸிலிருந்து கிளம்பிய கோனெட்சி மூன்றாவதையும் தாண்டி ஹோமுக்கு ஓடிவருகிறார். பந்து திரும்பி வருகிறது. கௌடி பாய்ந்து விழுந்து அவரைப் பந்தால் தொட்டு அவுட்டாக்கிவிடுகிறார். சாக்பீஸ் அம்புக்குறியெல்லாம் ஒன்றன்மேல் ஒன்று ஏறிக் கோலம் மாதிரி ஆகிவிடும்.

தோள் எப்படித் தாங்கியது? அப்போதெல்லாம் தொடங்கியவரே முடிப்பதுதான் வழக்கம். பேட்டர்களும் சிக்ஸருக்குக் காத்திருக்கும் ரகமில்லை, சீக்கிரமே பந்தைத் தொட்டுவிடுவார்கள். 26 இன்னிங்ஸும் 3 மணி 50 நிமிடத்தில் முடிந்தது. 1-1. வெளிச்சம் போனதும் அம்பயர் நிறுத்திவிட்டார். மேஜர் லீக்கில் (அமெரிக்காவின் உச்ச பேஸ்பால் போட்டி) விளக்கு போட்டு ஆடியதே 1935-ல்தான்.

முத்தியால்பேட்டை ரசிகை:
வாத்தியார் புரூக்ளின் பட்ட பாட்டை விட்டுவிட்டாரே! அந்த ஆட்டம் சனிக்கிழமை. பாஸ்டனில் அப்போது ஞாயிறு ஆட்டத்துக்குத் தடை. அதனால் மறுநாள் ஊருக்குத் திரும்பி பிலடெல்பியாவோடு ஆடினார்கள், 13 இன்னிங்ஸ், தோல்வி. திங்களன்று மறுபடி பாஸ்டன், 19 இன்னிங்ஸ், அதுவும் தோல்வி. மூன்று நாளில் 58 இன்னிங்ஸ், ஒரு வெற்றி கிடையாது. ஆனால் அந்த வருஷம் நேஷனல் லீக் (மேஜர் லீக்கின் இரண்டு பிரிவுகளில் ஒன்று) பட்டம் அவர்களுக்குத்தான்!

2020 முதல், மேஜர் லீக்கின் வழக்கமான சீசன் ஆட்டங்களில் 10-ஆவது இன்னிங்ஸ் வந்தாலே இரண்டாவது பேஸில் சும்மா ஒரு ஆளை நிறுத்திவிடுகிறார்கள். ஒப்புக்குச் சப்பாணி ஆட்டம். எனக்குப் பிடிக்கவில்லை.

ஓ.டி. பையன்:
நன்றி சார், நன்றி அக்கா. பந்தயப் பணத்தில் நூற்றெண்பது டீக்கும் பஜ்ஜிக்கும் போய்விட்டதாம். மிச்சத்துக்கு வரும் ஞாயிறு மறுபடி ஆடுகிறோம். இந்தத் தடவை காலை ஆறரைக்கே.