டை மாற்றும் நேரம்: ஷட் ஹைட் சரிசெய்வதில் நிற்கிறோம், வழி சொல்லுங்கள்

வணக்கம். பிரஸ் ஷாப் அனுபவம் உள்ளவர்கள் கொஞ்சம் பார்த்துச் சொல்லுங்கள்.

பிரஸ்ஸில் டை (தகட்டை வெட்டி வடிவமாக்கும் அச்சு) மாற்றும்போது, பழைய லாட்டின் கடைசி நல்ல பீஸிலிருந்து புது லாட்டின் முதல் நல்ல பீஸ் வரை ஒன்றரை மணி நேரம் போகிறது. அதற்குப் பயந்தே லாட்டைப் பெரிதாக ஓட்டுகிறோம், ஸ்டாக் குவிகிறது.

டை, போல்ட், ஸ்பேனர் எல்லாம் மெஷின் ஓடும்போதே டிராலியில் வந்துவிடுகின்றன. அந்தப் பகுதி சரியாகிவிட்டது. சிக்கல் மெஷினை நிறுத்திய பிறகுதான். ஒவ்வொரு டையும் ஒவ்வொரு உயரம். ஷட் ஹைட் (பிரஸ்ஸின் ராம் முழுதாக இறங்கி நிற்கும்போது அடிமேடைக்கும் அதற்கும் உள்ள உயரம்) மாற்றி, சென்டர் பிடித்து, டிரையல் பீஸ் அடித்து, அளந்து, மறுபடி திருத்தி... பாதி நேரத்துக்கு மேல் இதற்கே சரி.

ஜப்பானியத் தொழிற்பொறியாளர் ஷிகியோ ஷிங்கோ 1969-இல் டொயோட்டாவில் 1000 டன் பிரஸ்ஸின் 4 மணி நேர மாற்றத்தை 90 நிமிடமாக்கி, பின்பு 3 நிமிடத்துக்குக் கொண்டுவந்தார். சரிசெய்யும் வேலையே தேவைப்படாதபடி செய்யுங்கள் என்பது அவர் முறை. எனக்கும் அதுதான் சரியாகப் படுகிறது.

டைக்கு அடியில் பிளேட் வைத்து எல்லா உயரத்தையும் ஒன்றாக்கியவர்கள் இருக்கிறீர்களா? ஷார்ப்பனிங் செய்தபின் குறையும் உயரத்தை ஷிம் (மெல்லிய தகடு) போட்டு ஈடுகட்டினீர்களா? கிளாம்ப் பிடிக்கும் விளிம்பின் தடிமனையும் ஒரே அளவாக்க வேண்டுமா? சென்டருக்கு லொகேட்டிங் பின் (டையை இடத்தில் உட்கார வைக்கும் முளை) போதுமா, வி-பிளாக் (V வடிவப் பள்ளமுள்ள கட்டை) நல்லதா?

ஆட்களை விரட்டி மிச்சம் பிடிக்கும் நேரம் மட்டும் வேண்டாம். பிரஸ்ஸுக்குள் கை வைப்பவர்கள் அவர்கள். உங்கள் ஃபிக்ஸ்சர் படம் இருந்தால் பெரிய உதவி.