பெயர் தெரியாமலே கேட்ட கிட்டார்கள்

'உரிய பெயர் கிடைக்காத கிட்டார் கலைஞர் என்று யாரைச் சொல்வீர்கள்?' என்ற கேள்விக்கு வாசகர்கள் எழுதியவை:

கோவை, மெல்லிசைக் குழுவில் ரிதம் கிட்டார்

சிறந்த கிட்டார் கலைஞர்கள் என்று பேச்செடுத்தால் ஹெண்ட்ரிக்ஸ், கிளாப்டன், ஜிம்மி பேஜ் என்று அதே பத்துப் பேர்தான் வருகிறார்கள். பெரியவர்கள்தான், அதில் சண்டையில்லை. ஆனால் என் விரல்களைப் பாடாய்ப் படுத்தியவர் அந்தப் பட்டியலில் இருப்பதே இல்லை. வீட்டு வேலை செய்து பிழைத்த கறுப்பினப் பெண்மணி, எலிசபெத் காட்டன்.

அவர் வாசிக்கும் பழைய காணொளியைப் பார்த்தால், யாரோ படத்தை இடவலமாகத் திருப்பிவிட்டார்கள் என்றே தோன்றும். அவர் இடக்கைக்காரர். வலக்கைக்காரர்களுக்கான கிட்டாரை, கம்பிகளை மாற்றிக் கட்டாமல், அப்படியே தலைகீழாகப் பிடித்துத் தானே கற்றுக்கொண்டார். நாமெல்லாம் கட்டைவிரலால் தடித்த கம்பிகளைத் தட்டித் தாளம் பிடிப்போம். மற்ற விரல்களால் மெட்டை மீட்டுவோம். அவருக்கோ தடித்த கம்பிகள் கீழே போய்விட்டன. ஆகவே ஆள்காட்டி விரல் பேஸை, அதாவது கனத்த கீழ்ச்சுரங்களை, பார்த்துக்கொள்கிறது, மெட்டு கட்டைவிரலில் வருகிறது. அவருடைய பாட்டை நம் வழக்கமான முறையில் வாசித்தால் சுரம் ஒன்றும் தப்பாது. ஆனால் மெட்டு மெலிந்துவிடும். கட்டைவிரலின் சதை மெல்லிய கம்பியில் பட்டு எழும்பும் அந்த உருண்டையான நாதம் நகத்துக்கும் வராது, கம்பியை மீட்டும் பிக் துண்டுக்கும் வராது. கிட்டாரைத் திருப்பிப் பிடித்தும் பார்த்துவிட்டேன். இடக்கை என் பேச்சைக் கேட்பதாக இல்லை.

வட கரோலினாவில் 1893-இல் பிறந்தவர். சிறுமியாக இருக்கும்போதே வேலைக்குப் போய்ச் சேர்த்த பணத்தில், 3 டாலர் 75 சென்ட் கொடுத்துக் கிட்டார் வாங்கினார். பிறகு கல்யாணம், குழந்தை, தேவாலயம். வாத்தியம் பல பத்தாண்டுகள் மூலைக்குப் போய்விட்டது. வாஷிங்டனில் ஒரு பெரிய கடையில் வேலை பார்த்தபோது, வழிதவறி நின்ற ஒரு சிறுமியைத் தாயிடம் சேர்த்தார். அந்தச் சிறுமிதான் பிற்காலத்தில் பாடகியான பெக்கி சீகர். இசையே மூச்சான அந்தக் குடும்பத்தில் வீட்டு வேலைக்குச் சேர்ந்தவர், சுவரில் மாட்டியிருந்த கிட்டாரை எடுத்து வாசித்தபோதுதான் விஷயம் வெளியே வந்தது. 1958-இல் முதல் இசைத்தட்டு. அதற்கு முந்தைய ஆண்டே, அவர் சிறு வயதில் கட்டிய 'ஃப்ரெய்ட் ட்ரெயின்' இங்கிலாந்தில் வேறு இருவர் பெயரில் பதிவாகிச் சக்கைப்போடு போட்டது. தன் பாட்டில் தனக்குப் பங்கு கேட்டு அவர் போராட வேண்டியிருந்தது, கொடுமை! 1985-இல் கிராமி விருது வந்தபோது அவருக்குத் தொண்ணூறு வயது தாண்டிவிட்டது.

சென்னை, கிட்டார் வகுப்பு நடத்துகிறவர்

அமெரிக்காவரை போவானேன்? 'இளைய நிலா' வாசிக்கத் தெரிய வேண்டும் என்பதற்காகவே என்னிடம் சேர்கிற பிள்ளைகள் உண்டு. பாடியவர் எஸ்.பி.பி., எழுதியவர் வைரமுத்து, இசை இளையராஜா என்று மூன்றையும் மூச்சுவிடாமல் சொல்வார்கள். கிட்டார் யார் என்று கேட்டால் விழிப்பார்கள். ஆர். சந்திரசேகர் என்று நான்தான் சொல்லிக்கொடுக்க வேண்டியிருக்கிறது.

போன மாதம் ஒரு கல்யாண வரவேற்பில் இந்தப் பாட்டை எடுத்தார்கள். பாடகர் இன்னும் வாயே திறக்கவில்லை, முதல் கிட்டார் ஒலிக்கே பந்திவரை கைதட்டல் கேட்டது. கைதட்டலை வாங்கிக்கொண்டு கும்பிட்டவர் பாடகர். கிட்டார் வாசித்த பையன் குனிந்து தன் இடக்கையையே பார்த்துக்கொண்டிருந்தான்; நிமிர்ந்தால் கார்டு (சேர்ந்தொலிக்கும் சுரக்கூட்டு) தப்பிவிடும்.

மதுரை

இளையராஜாதான் ஒவ்வொரு வாத்தியத்துக்கும் தாளில் எழுதிக் கொடுத்துவிடுவாரே, ஐயா? அவரே கிட்டார் கலைஞர், இசையமைப்பாளர் சலீல் சௌத்ரியின் இசைக்குழுவில் வாசித்தவர். எழுதியதை வாசித்தவருக்கு எதற்குத் தனிப் பாராட்டு?

சென்னை, அதே ஆசிரியர்

தம்பி, எழுதிய தாளை என் மாணவர்களிடமும் கொடுக்கிறேன். சுரம் எல்லாம் வருகிறது, பாட்டு வருவதில்லை. அதுவும் அந்தக் காலத்தில் எல்லோரும் ஒன்றாக உட்கார்ந்து வாசிக்கும் ஒலிப்பதிவு. ஒருவர் பிசகினால் அத்தனை பேரும் மறுபடி ஆரம்பிக்க வேண்டும். எழுதியவருக்கு வேண்டிய மரியாதை கிடைத்துவிட்டது. வாசித்தவர் பெயர் கேசட் அட்டையில்கூட இல்லை என்பதுதான் என் வழக்கு.

பாளையங்கோட்டை, சர்ச் பாடகர் குழு

ஞாயிறு ஆராதனையில் நான்தான் கிட்டார். பெண்பிள்ளைக்குக் கீபோர்டு போதாதா என்று கேட்ட சபைப் பெரியவர் ஒருவர் இருக்கிறார். அவருக்கு என் போனில், கிட்டார் வாசித்துப் பக்திப் பாட்டுப் பாடிய அமெரிக்கப் பெண்மணி சிஸ்டர் ரோசெட்டா தார்ப்பைக் காட்டினேன்.

1964-ஆம் ஆண்டு, மான்செஸ்டரில் கைவிடப்பட்ட ஒரு ரயில் நிலையம். ஒரு நடைமேடையில் கூட்டம், தண்டவாளத்துக்கு அந்தப் பக்கம் மேடை, மழை. கனத்த கோட்டைப் போட்டுக்கொண்டு, மின்சார கிட்டாரை மாட்டிக்கொண்டு, மழையைப் பற்றிய பக்திப் பாட்டையே எடுத்துவிடுகிறார் அந்த அம்மா. நடுவில் குரலை நிறுத்திவிட்டுக் கிட்டாரைப் பேசவிடுகிறார் பாருங்கள், அங்கேதான் பெரியவர் போனைத் தன் கையில் வாங்கிக்கொண்டார். 1938-லேயே இசைத்தட்டு போட்டவர். ராக் இசைக்காரர்கள் பலர் அவரைக் கேட்டு வளர்ந்தவர்கள். ஆனால் 1973-இல் இறந்த அவருக்குப் பல பத்தாண்டுகள் கல்லறைக் கல்கூட இல்லை. ராக் இசையின் பெரியவர்களைக் கௌரவிக்கும் ராக் அண்ட் ரோல் ஹால் ஆஃப் ஃபேமில் இடம் கொடுத்தது 2018-இல்தான். பெரியவர் இப்போது கீபோர்டு பேச்சை எடுப்பதில்லை. சத்தத்தைக் குறைக்கச் சொல்வதோடு சரி.

மும்பை, மாதுங்கா

என் பங்குக்கு பூபிந்தர் சிங். என் அப்பா அவருடைய கஜல்களுக்கு அடிமை. 2022-இல் அவர் காலமானபோது நான் படித்த அஞ்சலிகளிலும் கஜல் பாடகர் என்பதே தலைப்பு. இந்தி இசையமைப்பாளர் ஆர்.டி. பர்மனின் குழுவில் அவர் கிட்டார் வாசித்தவர் என்பது எங்கேயோ கடைசிப் பத்தியில் இருந்தது. பர்மனின் 'தம் மாரோ தம்' பாட்டின் தொடக்கத்தில் போதை ஏறினாற்போல் நெளியும் அந்தக் கிட்டார் இவர் கைவண்ணம் என்று சொன்னேன். "அந்தச் சாது மனுஷனா?" என்று அப்பா நம்பவே மறுத்துவிட்டார். அந்தப் பாட்டையும் கஜலையும் மாற்றி மாற்றிப் போடச் சொல்லிக் கேட்டவர், கடைசியில் என்னிடம் கேட்டது: "சரி, அப்படியென்றால் என் கஜல்களில் கிட்டார் வாசித்தது யார்?"