மனித உரிமைக் கொள்கை இருக்கிறது, சரி. ஓட்டு யார் கையில்?

கணக்கன்:
பெரிய டெக் நிறுவனங்கள் பலவும் இப்போது மனித உரிமைக் கொள்கை ஒன்றை இணையதளத்தில் வைத்திருக்கின்றன. வணிகமும் மனித உரிமையும் பற்றி 2011-இல் ஐ.நா. வகுத்த வழிகாட்டு நெறிகளைப் பின்பற்றுகிறோம் என்று முதல் பத்தியிலேயே சொல்லிவிடுகிறார்கள். ஆனால் ஃபேஸ்புக்கை நடத்தும் மெட்டாவை எடுத்துக்கொள்ளுங்கள். நிறுவனர் வைத்திருக்கும் வகைப் பங்குக்குப் பத்து ஓட்டு, சந்தையில் நாம் வாங்கும் பங்குக்கு ஒன்று. மற்ற பங்குதாரர் அத்தனை பேரும் சேர்ந்து நின்றாலும் பொதுக்கூட்டத்தில் அவரைத் தோற்கடிக்க முடியாது. அப்படியிருக்க, இயக்குநர் குழு யாருக்குப் பதில் சொல்லும்?

தேனருவி:
ஓட்டு எண்ணிக்கையோடு கதை முடிவதில்லை நண்பரே. 2020 பிப்ரவரியில் ஆப்பிள் பொதுக்கூட்டத்தில் கருத்துச் சுதந்திரம் பற்றி ஒரு தீர்மானம் வந்தது. சீனா கேட்டதற்காகச் செயலிகளை நீக்கியதுதான் பின்னணி. சுமார் 40 விழுக்காடு ஆதரவு, அதாவது தோல்வி. ஆனாலும் அதே ஆண்டிலேயே இயக்குநர் குழு மனித உரிமைக் கொள்கையை ஏற்று வெளியிட்டது.

கணக்கன்:
நீங்கள் என் பக்கத்துக்குச் சாட்சி சொல்கிறீர்கள்! ஆப்பிளில் ஒரு பங்குக்கு ஒரு ஓட்டு. 40 விழுக்காடு அவர்களைப் பயமுறுத்தியது அதனால்தான்.

சாமானியன்:
இடையில் வருகிறேன், மன்னிக்கவும். அமேசானிலும் ஒரு பங்குக்கு ஒரு ஓட்டுதான். முக அடையாள மென்பொருளை அரசு அமைப்புகளுக்கு விற்காதே என்று 2019-இல் கொண்டுவந்த தீர்மானத்துக்கு 3 விழுக்காடுகூடத் தேறவில்லை. அடுத்த ஆண்டு ஜூனில், அமெரிக்கப் போலீஸ் கையில் நடந்த ஜார்ஜ் ஃபிளாய்ட் கொலைக்குப் பிறகு தெருவே கொந்தளித்தபோது, போலீசுக்குத் தருவதை அவர்களே நிறுத்தி வைத்தார்கள். மறுபக்கம் கூகுள், முழுக்க நிறுவனர்கள் பிடியில் உள்ளது. அங்கே 2018-இல் அமெரிக்க ராணுவ டிரோன் படங்களை அலசும் மேவன் திட்டத்தை எதிர்த்து ஊழியர்கள் ஆயிரக்கணக்கில் கையெழுத்திட்டார்கள், ஒப்பந்தம் புதுப்பிக்கப்படவில்லை. கணக்கன் சார், உங்கள் சூத்திரம் இரண்டு இடத்திலும் பிசகுகிறதே?

கணக்கன்:
அமேசான் விஷயத்தில் ஒத்துக்கொள்கிறேன், பங்கு வைத்திருக்கும் பெரிய நிதி நிறுவனங்களும் லாபத்தைத்தான் பார்க்கின்றன. ஆனால் கூகுள் கதையைப் பாதியில் நிறுத்திவிட்டீர்கள். அந்தப் போராட்டத்தால் கிடைத்ததுதான், செயற்கை நுண்ணறிவை ஆயுதத்துக்குப் பயன்படுத்த மாட்டோம் என்ற உறுதிமொழி. 2025 பிப்ரவரியில் அதை எடுத்துவிட்டார்கள். பங்குதாரரிடம் ஓட்டுக் கேட்கவில்லை. நிர்வாகம் எழுதியது, நிர்வாகமே அழித்தது. பெகாசஸ் உளவு மென்பொருளைச் செய்த என்எஸ்ஓ கூட 2019-இல் மனித உரிமைக் கொள்கை வெளியிட்டது, ஞாபகம் இருக்கிறதா? 2021 நவம்பரில் அமெரிக்கா அந்த நிறுவனத்தை வர்த்தகக் கறுப்புப் பட்டியலில் சேர்த்தது.

தேனருவி:
என்எஸ்ஓவை இழுத்தால் எந்த வாதத்தையும் ஜெயிக்கலாம். மியான்மரைப் பாருங்கள். 2018-இல் ஃபேஸ்புக் வெளியாரை வைத்து மதிப்பீடு செய்து, வன்முறையைத் தூண்டத் தன் தளம் பயன்பட்டதைத் தடுக்கப் போதுமான அளவு செய்யவில்லை என்று ஒப்புக்கொண்டது. அறிக்கையையும் வெளியிட்டது. ஐ.நா. நெறிகள், மதிப்பீடு என்று இந்தச் சட்டகம் எதுவுமே இல்லாவிட்டால் அந்த ஒப்புதல்கூட வந்திருக்காது.

சாமானியன்:
ரோஹிங்கியா முஸ்லிம்கள் ஏழு லட்சம் பேர் எல்லை தாண்டி வங்கதேசத்துக்கு ஓடிய பிறகு வந்த ஒப்புதல் அது. ஐ.நா. நெறிகள் ஆபத்தை முன்கூட்டியே ஆராயச் சொல்கின்றன. பாதிப்புக்குக் காரணமாக இருந்தால் பரிகாரமும் தரச் சொல்கின்றன. முகாமில் இருந்த ரோஹிங்கியா இளைஞர்கள் ஒரு கல்வித் திட்டத்துக்கு 10 லட்சம் டாலர் கேட்டார்கள். நன்கொடைப் பணிகளில் நேரடியாக ஈடுபடுவதில்லை என்று ஃபேஸ்புக் மறுத்துவிட்டது. அவர்கள் கேட்டது நன்கொடையா?

தேனருவி:
இல்லை. அந்த இடத்தில் எனக்கும் வாய் அடைக்கிறது. அதனால்தான் சட்டம் வேண்டும் என்கிறேன். இணையத் தளங்களைக் கட்டுப்படுத்தும் ஐரோப்பிய ஒன்றியத்தின் டிஜிட்டல் சேவைச் சட்டத்தில் உலக வருவாயில் 6 விழுக்காடு வரை அபராதம் போடலாம். அந்தத் தொகையைக் கேட்டால் எந்த இயக்குநர் குழுவும் நிமிர்ந்து உட்காரும்.

கணக்கன்:
உட்காரும். ஆனால் அந்த அபராதம் முகாமுக்குப் போகாதே.