55 சொல்லுக்குள் ஒரு வளவு: குறுங்கதைப் போட்டி அனுபவங்கள்

காரைக்குடியிலிருந்து:

பொங்கலுக்கு எங்கள் குடியிருப்பில் கோலப்போட்டியோடு குறுங்கதைப் போட்டியும் வைத்தோம். கதைகளைப் படித்து வடிகட்டும் வேலை என் தலையில் விழுந்தது. அளவு 55 சொல். 1987-ல் கலிஃபோர்னியாவில் ஒரு வார இதழ் ஆரம்பித்து வைத்த கணக்கு இது. இடம், ஆள், சிக்கல், முடிவு நாலும் அதற்குள் இருக்க வேண்டும். தலைப்பு கணக்கில் சேராது, ஆனால் 7 சொல்லைத் தாண்டக் கூடாது.

முதல் தகராறே எண்ணுவதில்தான். ‘வந்து கொண்டிருந்தான்’ ஒன்றா, இரண்டா? ஒருவர் ஒட்டக்கூடியதையெல்லாம் ஒட்டி, நீளமான கதையை அளவுக்குள் அடக்கிவிட்டார். கெட்டிக்காரர்! கடைசியில் செல்போன் காட்டுகிற எண்ணிக்கையே தீர்ப்பு என்று முடிவானது.

அப்புறம் பர்மா. நம் பக்கத்தில் அது வராமல் இருக்குமா? ஒரு பெரியவர் 1942, ஜப்பான் படை, ரங்கூன், வட்டிக்கடை என்று விளக்கி முடிக்கும்போது பாதிக்கு மேல் செலவாகிவிட்டது. கதைக்கு இடமில்லை. ‘பர்மாவிலிருந்து நடந்து வந்தவர்’ என்றால் இங்கே யாருக்குப் புரியாது?

இப்படி விளக்காமல் விடும் வித்தையை நன்றாகப் பிடித்தது பள்ளத்தூர் ஆச்சி ஒருவர். 55 கூட அவர்களுக்குத் தேவைப்படவில்லை:

“படைப்புக்கு எல்லாப் புள்ளியும் வந்தது. வளவில் பூட்டிக் கிடந்த அறைகள் திறந்தன. அப்பத்தா மட்டும் தன் அறைச் சாவியை மருமகளிடம் கேட்டு வாங்கினாள்.”

அவ்வளவுதான். ‘மாமியாருக்கும் மருமகளுக்கும் ஆகாது’ என்று ஒரு வரி சேர்த்திருந்தால் கதை அங்கேயே படுத்திருக்கும்.

தேவகோட்டையிலிருந்து:

ஆள் யாரென்று கடைசி வரியில்தான் தெரிய வேண்டும் என்று எழுதுகிறவர்கள் தமிழில் மாட்டிக்கொள்கிறார்கள், கவனித்தீர்களா? ‘வந்தாள்’ என்றதுமே பாதிக் குட்டு வெளியே வந்துவிடுகிறது. ‘நான்’ என்று சொல்ல வைத்தால் தப்பிக்கலாம். ‘வந்தேன்’ ஆணா பெண்ணா என்று காட்டிக்கொடுக்காது. ஆனால் அந்த வழியைத் திறந்துவிட்டால் திண்ணை பேசும், நிலைக்கதவு பேசும். பர்மாத் தேக்குத் தூண் எத்தனை கதையில்தான் அழும்?

கோட்டையூரில் வாழ்க்கைப்பட்ட கோயம்புத்தூர்ப் பெண்:

ஆச்சி கதை எனக்கு முதலில் புரியவே இல்லை. வளவு என்றால் முற்றத்தைச் சுற்றி அறைகள் இருக்கும் வீட்டின் உள்பகுதி, படைப்பு என்றால் முன்னோருக்குப் படைக்கப் பங்காளிகள் கூடுவது, புள்ளி என்றால் கல்யாணமான ஒரு குடும்பம் என்று வீட்டில் சொன்ன பிறகுதான் அந்தச் சாவி சுருக்கென்றது. வெளியூர் நடுவர் கையில் போயிருந்தால் முதல் சுற்றிலேயே தள்ளியிருப்பார். உள்ளூர்ப் போட்டிக்குச் சரி, வெளியே அனுப்பும்போது என்ன செய்வது?

மறுபடி காரைக்குடியிலிருந்து:

நானும் கேட்டேன். “ஆச்சி, படைப்பு என்பதை ‘சாமி கும்பிட’ என்று மாற்றிவிடலாமா?” முறைத்தார்கள். “சாமி கும்பிட மூணு பேரு வந்தாப் போதும். எல்லா அறையையும் எதுக்குத் திறக்கணும்?” பேச்சில்லை எனக்கு. முதல் பரிசு எவர்சில்வர் சம்படம். அவர்களுக்குத்தான் போனது.