‘தி கிரைண்டர்’ முழுசா பார்த்தவங்க யாராவது?

வணக்கம் மக்களே. குன்னூர்ல ஒரு வக்கீல் ஆபீஸ்ல குமாஸ்தாவா இருக்கேன். மழைக்காலத்துல கேஸ் கட்டெல்லாம் நமுத்து, கோர்ட் ஃபீ ஸ்டாம்ப் ஒண்ணோட ஒண்ணு ஒட்டிக்கிற ஆபீஸ். அதனாலயோ என்னவோ, வக்கீல் ஆபீஸ் காமெடின்னா விடமாட்டேன்.

இந்த டிவி சீரியல் 2015ல அமெரிக்காவுல ஃபாக்ஸ் சேனல்ல வந்தது. ஒரே சீசன், 22 எபிசோடு, 2016ல நிறுத்திட்டாங்க. கதையில, டிவியில வக்கீலா நடிச்சுப் பேர் வாங்கின நடிகரா வர்ற ராப் லோ, சொந்த ஊருக்கு வந்து குடும்ப வக்கீல் ஆபீஸ்ல உட்கார்ந்துக்கிறார். சட்டம் படிச்ச தம்பியா வர்ற ஃப்ரெட் சாவேஜ் பல்லைக் கடிச்சிட்டு நிக்கிறார். அண்ணன் வசனம் பேசினா கட்சிக்காரங்க கூட அந்தப் பக்கம் சாஞ்சிடறாங்க! வாய்தா வாங்கியே காலம் போற எங்களுக்கு இது வயித்தெரிச்சல்தான்.

ஆரம்பம் எனக்குப் பிடிச்சது. ஆனா ஒரே ஜோக்கை இழுக்கிறாங்களோன்னு ஒரு சந்தேகம். பின்பாதி தேறுமா? முடிவு அந்தரத்துல நிக்குமா? எங்க சீனியர் சிரிக்கிறதே அபூர்வம், அவர்கிட்ட தைரியமா சொல்லலாமா? இந்தியாவுல இப்போ எந்த ஆப்ல இருக்குன்னும் சொல்லுங்க. கதையை மட்டும் உடைச்சிடாதீங்க, ப்ளீஸ்.